சுடுதண்ணி வாயைத் திறக்காத நாள்

வெல்டரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சுடுதண்ணி என்றால்தான் தெரியும். கால்பந்தில் தடுப்பாட்டக்காரன். அவனுடைய கழகத்தின் வரலாற்றிலேயே அதிகம் சிவப்பு அட்டை வாங்கிய ஆள். மற்றபடி தங்கமான மனுஷன். கோபம் மட்டும் மூக்கின் நுனியில் குடியிருந்தது.

அந்தக் கழகத்துக்கு வரலாறு என்று பீற்றிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு தொங்கும். லீக் பட்டியலில் இவர்கள் பெயர் முதலிடத்தில் இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: அது சீசனின் முதல் நாள் பட்டியல், அன்று நடந்ததே இவர்கள் ஆட்டம் ஒன்றுதான். அதற்குப் பிறகு எல்லா வருடமும் வால்தான்.

இந்த வருடம் வாலையே வெட்டப்போகிறார்கள். கடைசியில் வரும் அணிக்கு லீக்கில் இடமில்லை. இதற்குக் கீழே வேறு பிரிவும் கிடையாது, கழகத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். கடைசி ஆட்டத்தில் அடியில் கிடந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர். புள்ளி சமம், போட்ட கோல் சமம், வாங்கிய கோல் சமம், அட்டைகள்கூடச் சமம். டிரா ஆனால் அட்டை குறைவாக வாங்கிய அணி தப்பும். இதைக் கேட்டதுமே எல்லாரும் சுடுதண்ணியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எதிரணியின் ஸ்ட்ரைக்கர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. மாமனை எங்கே தொட்டால் பற்றிக்கொள்ளும் என்பது மச்சினனுக்கு அத்துபடி.

காலையில் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் ரெண்டு பேருக்கும் கை தட்ட மாட்டேன். ஆனா நீங்க மட்டும் வாயைத் திறந்தீங்கன்னா, கிளப்புக்கு நீங்களே சங்கு ஊதுன மாதிரி."

அப்படி ஓர் ஆட்டத்தை அந்த மைதானம் பார்த்ததேயில்லை. அட்டைக்குப் பயந்து இருபத்திரண்டு பேரும் ஒரே நாளில் சாமியார்களாகிவிட்டார்கள். இடித்தவன் மன்னிப்புக் கேட்டான், விழுந்தவனைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டான். மச்சினன் மட்டும் சுடுதண்ணியின் காதோரமாகவே ஓடிக்கொண்டிருந்தான். மாமாவின் தொப்பையை விசாரித்தான், வழுக்கையை விசாரித்தான். சுடுதண்ணி பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மச்சினன் அவனை ஏமாற்றிக்கொண்டு போய்க் கோல் போட்டான். அட, போட்டதோடு நின்றானா? சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றியபடி மாமன் முன்னால் வந்து நின்றான்.

"எங்க வீட்டு கேட்டுக்கு நீங்க வச்ச வெல்டிங் மாதிரியே இருக்கு மாமா உங்க தடுப்பு. தொட்டாலே விட்டுடுது."

தொழிலைச் சொல்லிவிட்டான்! சுடுதண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கை தானாக மடங்கியது. கோட்டுக்கு வெளியே நின்ற மனைவியைப் பார்த்தான். அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். அதே நேரம் நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தினார், மச்சினனுக்கு. சட்டையைக் கழற்றினால் அட்டை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தவளை தன் வாயால் கெடும், இவன் சட்டையால் கெட்டான்.

இனி ஒரே ஒரு கோல் போதும். சுடுதண்ணி தன் இடத்தை அம்போ என்று விட்டுவிட்டு எதிரணிக் கோலை நோக்கி ஓடினான். கடைசி கார்னர் வந்தது. எகிறினான். அத்தனை கோபமும் நெற்றியில் திரண்டிருக்க வேண்டும், பந்து வலையைக் கிழிக்காத குறைதான். வாழ்க்கையிலேயே அவன் போட்ட முதல் கோல்! சந்தோஷம் தாளாமல் அவனும் சட்டையைப் பிடித்தான். நாலைந்து பேர் பாய்ந்து அவனைக் கீழே தள்ளி, சட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

விசில் ஒலித்தது. டிரா. ஆனால் மைதானத்தைவிட்டுப் போகும்வரை நடுவர் அட்டை காட்டலாம். அது மச்சினனுக்கும் தெரியும். ஓடிவந்து மறுபடியும் கேட் வெல்டிங்கிலிருந்து ஆரம்பித்தான், குரல் உடைந்துபோயிருந்தது. சுடுதண்ணி பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நடுவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார், குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அந்த மனுஷன் கோட்டைத் தாண்டுவதற்குள் இங்கே உயிர் போய்விட்டது.

தாண்டினார். சுடுதண்ணி பாய்ந்தான். சுற்றியிருந்தவர்கள் பதறினார்கள், மச்சினன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடி விழவில்லை. சுடுதண்ணி வியர்வை சொட்டும் தன் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டான்.

"உங்க கிளப்புதான் இனிமே இல்லையே. அடுத்த வருஷம் இதைப் போட்டுக்கிட்டு வா. கோல் அடிச்சா மட்டும் கழட்டிடாதடா."

மச்சினன் அந்தச் சட்டைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். கோட்டுக்கு வெளியே ஒருத்தி மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தாள், ரெண்டு பேருக்கும்.