டெரஸோ தேய்த்த அன்று

மெஷின் நின்றது. காதுக்குள் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாதி முடிஞ்சுது தங்கச்சி," என்றார் இராசையா மேசன், முகத்தில் தெறித்த சாந்தை வழித்தபடி. "சாப்பிட்டுட்டு வந்து மற்றப் பாதியைத் தேய்ப்பம்."

றஹ்மா குசினியில் புதிதாகக் கட்டிய சமையல் தட்டைத் தடவிப் பார்த்தாள். பச்சைச் சீமெந்துக்குள் வெள்ளைக் கல் முழித்து முழித்துப் பார்த்தது. கையெல்லாம் சேறு. அந்தக் கையோடேயே வாப்பாவின் அறைக்குப் போனாள்.

"தேத்தண்ணியா கேட்டீங்க வாப்பா?"

வாப்பா கதவைப் பார்த்தபடி கிடந்தார். கரண்டி நிலத்தில் விழுந்திருந்தது. மூச்சிழுப்பு வந்து படுக்கையில் விழுந்ததிலிருந்து அவருக்குக் குரல் உரத்து எழும்பாது; பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். ஏதும் வேண்டுமென்றால் கரண்டியால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டுவார். சட்டத்தில் பெயின்ட் புதிதாகக் கொத்துண்டு கிடந்தது. ஒரே இடத்தில் இல்லை. கை எட்டிய இடமெல்லாம்.

மூச்சு இல்லை. அவர் கண்களை மூடிவிட்டாள். பிறகுதான் சத்தம் போட்டாள்.

குசினியில் நின்றபடி சமைக்க ஒரு தட்டுக் கட்டவேண்டும் என்று குவைத்திலிருந்து புருஷன் எழுதியதிலிருந்து, அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பலகை போட்டால் மீன் நாத்தம் ஊறிவிடும். போர்மைக்கா சூட்டுச்சட்டிக்குக் கொப்பளிக்கும். வாப்பா சொன்னது வெறும் சீமெந்து.

"பூசி இழைச்சு விட்டாச் சரி. ஒரு நாள் வேலை. சத்தமில்ல, சந்தடியில்ல," என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார்.

"பக்கத்து ஸுல்பிகா வீட்டுல கல்லுப் போட்டுத் தேய்ச்ச டெரஸோ வாப்பா."

"அவ வீட்டுல மட்டும் கறி சிந்தாதோ?"

இராசையாவும் மறைக்கவில்லை. "டெரஸோவும் புளித்தண்ணிக்கு வெளிறும் தங்கச்சி. பார்வைக்குத்தான் அது." பார்வைக்குத்தான் அவளுக்கும் வேண்டியிருந்தது.

இன்று காலை மெஷினைக் கண்டதும் வாப்பா சிரித்தார். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில் எஞ்சின்காரராக இருந்தவர். "நான் எஞ்சினுக்குப் பக்கத்துல படுத்து நித்திரை கொண்டவன். தேயுங்க."

அந்தச் சொல்லைத்தான் இப்போது றஹ்மா மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அது உதவவில்லை. ஏனென்றால் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடையில் ஒரு தரம் தண்ணீர் ஊற்ற மெஷினை நிறுத்திய இராசையா, காதைத் தீட்டினார்.

"ஆரோ தட்டுற மாதிரிக் கிடக்கு. பெரியவரோ?"

அவளுக்கும் கேட்டது.

"தேத்தண்ணிக்குத் தட்டுறார். நாளைக்கு மெஷின் கந்தளாய்க்குப் போகுதெண்டீங்களே. நீங்க தேயுங்க அண்ணன், இந்த மூலை முடியட்டும்."

மெஷின் மறுபடி இரைந்தது.

தம்பி ஜெமீல் கிண்ணியாவிலிருந்து துறை கடக்கும் பாதைப் படகேறி வந்து சேர்ந்தான். ஆண்கள் வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டினார்கள். முடித்துவிட்டு நனைந்த சாரத்தோடு அவன் குசினி வாசலுக்கு வந்தான்.

"ராத்தா, வாப்பாட கண் இமையில சீமெந்து ஒட்டியிருந்திச்சு. பச்சையா."

"நான்தான் கண்ணை மூடினனான்."

"கை கழுவாமயா?"

கிணற்றடியில் இராசையா வாளியோடு நின்றார். குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர் அவர்தான். ஜெமீல் அவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க இங்கதானே நிண்டீங்க. வாப்பா கூப்பிட்ட சத்தம், தட்டின சத்தம் ஏதும் கேட்டுதா?"

றஹ்மாவின் கால் பெருவிரல் நிலத்தை அழுத்தியது. ஒரு சொல் போதும். ஜெமீல் பிறகு இந்த வாசற்படி மிதிக்கமாட்டான். அவன் கேட்பது இராசையாவிடம். பதில் சொல்லவேண்டியவள் தான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

இராசையா வாளிக் கயிற்றைச் சுற்றினார்.

"இந்த மெஷின் போட்டா இடி விழுந்தாலும் கேளாது தம்பி."

அவளைப் பார்க்காமலே சொன்னார்.

ஜெமீல் மூச்சு விட்டான். "அப்ப நித்திரையிலயே போயிட்டார். அல்ஹம்துலில்லாஹ். நீ பக்கத்துல இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல் ராத்தா."

"ஓம்," என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல மட்டும் வாய் திறந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்கு ஜனாசாவைத் தூக்கினார்கள். மௌத்தான வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். ஸுல்பிகா சோற்றுச் சட்டியைத் தட்டின் தேய்த்த பாதியில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் குனிந்து பார்த்தாள்.

"என்னகா, என்ட தட்டை விட மினுங்குதே!"

"இன்னும் மெழுகு பூசல்ல. பூசினாத்தான் பார்க்கணும்," என்றாள் றஹ்மா.

சொல்லி முடித்தபிறகுதான் காதில் விழுந்தது. ஸுல்பிகா சட்டியிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு மெல்ல அப்பால் போனாள்.

வெளியே இராசையா மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுபோனாள்.

"குடியுங்க அண்ணன்."

"வேணாம் தங்கச்சி. செத்த வீட்டில நிண்டனான், குளிச்சிட்டுத்தான் வாய் நனைக்கோணும்."

"மற்றப் பாதி…"

"ஆளை அனுப்புறன்," என்றார். வண்டி வாசல் படலையைத் தாண்டும்வரை அவர் திரும்பவில்லை. கோப்பை அவள் கையில் ஆறியது.

அந்தி மஃரிபுக்கு முன் எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள். மற்றவர்களின் சட்டிகளைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். றஹ்மா அவற்றைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய் நிலத்தில் குந்தினாள்.

"போட்டுட்டு வா புள்ள, காலையில நான் கழுவுறன்," என்று உள்ளேயிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

அவள் சட்டிக்குள் கிடந்த கரண்டியைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, சாம்பலைத் தொட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். ஒவ்வொரு சட்டியாக, ஒன்றோடு ஒன்று முட்டாமல், கிலுங்காமல், ஈர மண்ணில் மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.