நூர் பாஷாவின் காலில் நான் ஏற்றிய ஆணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நரம்பு நுனியில் இருக்கும் புரதங்களைப் பற்றி நான் எழுதியது ஒரு கட்டுரை. 'இதில் ஒரு ஆள்கூட இல்லையே ஐயா' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த கோபத்தில், காரிமங்கலம் சந்தையில் சிவனே என்று மாட்டுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்த நூர் பாஷாவைப் பிடித்து, சாணிக்குள் கிடந்த பழைய ஆணியை அவர் காலில் ஏற்றினேன். வருஷம் 1986.

அவர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு [மஞ்சளா? எதுவானாலும் பிரயோஜனமில்லை] வேலையைப் பார்த்தார்.

2

கீழ்வானம் சிவந்திருந்த அந்தக் காலைப்பொழுதில்... (வேண்டாம். எந்தக் கதையில்தான் சிவக்கவில்லை?)

எட்டு நாள் கழித்து அவருக்கும் மனைவி ஜான் பீக்கும் சண்டை. அவளுடைய அண்ணன் எதிரிலேயே குழம்பு உப்புக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டார். (வீட்டில் அவர்கள் பேசுவது உருது. எனக்கு அது வராது என்பதால் பெரிய மனது பண்ணித் தமிழில் சண்டை போடுகிறார்கள்.)

"உங்க வாயி என்னைக்குத்தான் மூடுமோ" என்றாள் ஜான் பீ.

மறுநாள் காலை மூடிக்கொண்டது.

சண்டை வந்தால் பாஷா மூன்று நாள் பேசமாட்டார், சாப்பிடமாட்டார். முதலில் பேசுகிறவர் தோற்றவர். தெருவுக்கே தெரிந்த வழக்கம் இது. ஆகவே அவர் பல்லைக் கிட்டிக்கொண்டு பாயில் கிடந்தபோது அவளும் வாய் திறக்கவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள். அவர் முகத்தில் இளிப்பு வேறு. கேலி செய்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

ஆசிரியர் அசந்த நேரத்தில் கட்டுரையைச் செருகிவிடுகிறேன். நரம்பு நுனியில் பொடிப்பொடியாகப் பைகள், பைக்குள் சேதி. பை சுவரோடு ஒட்டினால்தான் சேதி வெளியே போகும். ஒட்டவைப்பவை சில புரதங்கள். ஆணியோடு ஏறிய கிருமியின் விஷம், 'போதும், தளர்ந்துகொள்' என்று சொல்லும் நரம்புகளுக்குள் புகுந்து, அந்தப் புரதங்களில் ஒன்றை வெட்டிவிடுகிறது. 'இறுகு' என்ற சேதி மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

நல்ல பத்திதான். ஆனால் இந்த வெட்டு தெரியவந்தது 1992இல். டாக்டர் வாயில் வைத்தால் வாசகர் கடிதம் வரும். [தெரிந்திருந்தாலும் வெட்டுப்பட்டதை ஒட்டவைக்க மருந்து இன்றைக்கும் இல்லை.]

4

மூன்றாம் நாள், மோர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அவரைப் பார்த்தாள். "இது ரோசமில்ல ஜானு. காலத் தொட்டுப் பாரு, வெறகாட்டம் நிக்குது. மொதல்ல பஸ்ஸுல ஏத்து" என்றாள்.

தர்மபுரி போகும்வரை ஒவ்வொரு ஹாரனுக்கும் பாஷாவின் உடம்பு வில்லாக வளைந்தது. மூன்று நாளை ரோஷத்தில் தொலைத்துவிட்டோமே என்று ஜான் பீ வழியெல்லாம் அழுதாள். நானும் அழுதிருக்க வேண்டும். வளைவதை எப்படி வர்ணிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

5

ரணஜன்னி, டெட்டனஸ் என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொன்னார்.

"சத்தம் கூடாதுங்கம்மா. தொடவும் வேணாம். எதுக்கு வேணா இழுக்கும். மூச்சு நிக்காம மூணு வாரம் தாண்டிட்டா பொழைச்சுக்குவாரு."

முடிவு அ: பிழைக்கிறார், குழம்பைக் குறை சொல்கிறார். ஆசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: இரண்டாம் வாரம்... எழுதமாட்டேன்.

பாஷாவுக்கு நினைவு தப்பவில்லை. அவள் இன்னும் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்துக் கிடக்கிறார். ஜான் பீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோற்கத் தயாராகிவிட்டாள். ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லே அவரைக் கொன்றாலும் கொன்றுவிடும்.

அவளைப் பேசவிடலாமா? என்னால் முடியவில்லை, நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் வெளியே போய் யோசியுங்கள். பக்கத்தை மட்டும் இங்கே திருப்பாதீர்கள். தாள் சத்தம் போடும்.