எண்ணூற்றுப் பதினொரு கால்கள்

1

எழுபத்திரண்டு மணி நேரம் கேட்டேன். அறுபத்தெட்டு போய்விட்டது.

இது கதையாக இருந்திருக்கக் கூடாது. ஒரு மனுவாக, பத்து வரியில் முடிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் வேலை பார்க்கும் புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாத்தாள் வந்தார். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள புளியூரணிப்பட்டியிலிருந்து நடந்தே வந்திருந்தார். அவர் கணவர் மூக்கன் கிணறு வெட்டுகிறவர்.

"நீங்க பாட்டுக்கு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டீங்க. எங்க வீட்டுக்காரர ரெண்டு வருசமா ஒருத்தரும் கெணத்துக்குள்ள எறக்க மாட்டேங்குறாங்க. ஊருணிப் படியில நாங்க கால் வைக்கக்கூடாதாம். டாக்டரையாகிட்டப் போனோம். குறிப்பு எழுதுன பொண்ணு சொன்னா மாத்தித் தாரேன்னாரு. அந்தப் புழு இவரு கால்ல வந்தது இல்லன்னு எழுதிக் குடுங்க."

"எழுதித் தாரேன்" என்றேன்.

"அது மட்டும் பத்தாதும்மா. இவன் இல்லன்னா பின்ன யாருன்னு ஊர்ல கேப்பாங்க. அதுக்கும் ஒரு பேர எழுதிப்புடுங்க."

மூன்று நாள் அவகாசம் கேட்டேன்.

"பத்து வரிக்கு மூணு நாளா? அதுக்குள்ள நாங்க பாதிக் கெணறு வெட்டிப்புடுவோம்" என்றார்.

இன்று வியாழன், காலை ஆறு மணி. இன்னும் நான்கு மணி நேரத்தில் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு வருவார். என் கையில் மனு இல்லை. கீழே இருப்பவைதான் இருக்கின்றன.

2

முதல் தொடக்கம்:

டாக்டர் சவரியப்பன் சுவரிலிருந்த உலகப் படத்தின் முன் நின்றார். அதில் மூன்று சிவப்புப் புள்ளிகள். ஒன்று ஆப்பிரிக்காவில், ஒன்று பாரசீகத்தில், ஒன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில். மூன்றுக்கும் அவர்தான் தலைவர். லண்டனில் ஒரு மருத்துவக் கழகம் பணம் கொடுத்தது. உலகத்திலிருந்தே நரம்புச் சிலந்தியை ஒழிக்க முடியும் என்று அவர் சொன்னபோது அந்தக் கழகத்தார் சிரிக்கவில்லை. அதையே பெரிய வெற்றியாக அவர் நினைத்தார். முதலில் ஓர் ஊரில் ஒழித்துக் காட்டுங்கள், மற்ற இரண்டு இடங்களுக்கும் பிறகு பணம் அனுப்புகிறோம் என்றார்கள். அந்த ஓர் ஊர் புளியூரணிப்பட்டி. அவர் மனத்தில்

[இங்கே நிறுத்திவிட்டேன். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் அவர் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இருமலின் சத்தம் மட்டும் நன்றாகத் தெரியும்.]

விஞ்ஞானம் படித்தவள் என்பதால் இதை மட்டும் தயங்காமல் எழுத வருகிறது. நரம்புச் சிலந்தி நூல் போன்ற ஒரு புழு. இரண்டடி நீளம் இருக்கும். குடிநீரில் உள்ள சிறு பூச்சிக்குள் ஒளிந்து மனித உடம்புக்குள் போகும். ஒரு வருஷம் சத்தமில்லாமல் வளரும். பிறகு காலில் கொப்புளம் வைத்து வெளியே வரும். கொப்புளம் நெருப்பாய் எரியும். காலைத் தண்ணீரில் வைத்தால் எரிச்சல் அடங்கும். அந்த நேரத்தில்தான் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். ஆயிரக்கணக்கில்.

ஆகவே மருந்தே வேண்டாம் என்றார் டாக்டர். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். கொப்புளக் கால் ஊருணியில் இறங்கக்கூடாது. இவ்வளவுதான். நானூறு நாள் ஒரு புழுகூட வராவிட்டால் ஊர் சுத்தம்.

3

இந்தப் பகுதியில் கொஞ்சம் சிரிக்கலாம். நானும் அப்போது சிரித்தேன்.

தினமும் காலையில் ஊருணிப் படியில் டாக்டரின் உதவியாளர் ஒரு முக்காலி போட்டு உட்காருவாள். தண்ணீர் எடுக்க வருகிறவர் ஒவ்வொருவரும் இரண்டு காலையும் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வாராவாரம் வீடு வீடாகப் போய் மிச்சப் பேரையும் பார்ப்பாள். ஊரில் நானூற்று ஆறு பேர். அதில் ஆண்டியப்பனுக்கு ஒரு கால்தான். ஆக, எண்ணூற்றுப் பதினொரு கால்கள்.

"எனக்குப் பாதி வேலைதான் பாக்குறீங்க. பாதிச் சம்பளத்த எனக்குக் குடுங்க" என்பார் ஆண்டியப்பன்.

காத்தாயி என்ற பெண் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "காலக் காட்டு, காலக் காட்டுன்னு தெனமும் பாக்குறீங்களே, என்னைக்காவது ஒரு கொலுசு போட்டு விட்டீங்களா?" என்று கேட்டார். உதவியாளர் பதிவேட்டைப் பார்த்தாள்.

[உதவியாளருக்குப் பெயர் வைக்கவில்லை. கதைக்கு அவள் முக்கியமில்லை என்று முதல் நாள் குறித்து வைத்திருக்கிறேன்.]

நானூறாவது நாள், 1939 பங்குனியில், லண்டனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் மேளம் வைத்தார்கள். ஊருணித் தண்ணீரை வெள்ளித் தம்ளரில் வடிகட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் சவரியப்பன் அதைக் குடித்துவிட்டு ஏதோ பேச வாயெடுத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். ஆப்பிரிக்காவுக்கும் பாரசீகத்துக்கும் அன்றைக்கே தந்தி போயிற்று.

4

ஊர் சுத்தம் என்றதும் பலர் வடிகட்டுவதை விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, அடுத்த பங்குனியில், அதே ஊரில் பத்தொன்பது பேருக்குப் புழு வந்தது. காத்தாயிக்கு முழங்காலில். ஆண்டியப்பனுக்கு இருந்த ஒரே காலில்.

டாக்டர் தலையில் கை வைத்து உட்காரவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் என்றால், போன பங்குனியில் ஒரு கொப்புளக் கால் ஊருணியில் இறங்கியிருக்க வேண்டும். மேளச் சத்தத்துக்குச் சற்று முன்போ பின்போ. அவர் பழைய பதிவேட்டை எடுத்து விரலை வைத்துக்கொண்டே போனார். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றாம் நாளில் விரல் நின்றது.

மூக்கன். வலது கணுக்கால். தழும்பு.

மூக்கன் அப்போது ஆவுடையார்கோவில் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தவர். மகளுக்குக் காது குத்த மூன்று நாள் ஊருக்கு வந்திருந்தார். டாக்டர் ஆள் அனுப்பி அவரை அழைத்தார்.

"கெணறு வெட்டுறவன் காலுங்க. கடப்பாரைத் தழும்பு இருக்கு, பாறைத் தழும்பு இருக்கு. எது வேணும்னு சொல்லுங்க, காட்டுறேன்" என்றார் மூக்கன்.

டாக்டர் உதவியாளரைக் கூப்பிட்டார். "தழும்பா, ஆறாத புண்ணா? நீதானே பார்த்தாய். புண்ணாக இருந்திருக்குமா?"

தழும்பு பழையது. வெளுத்துப் பளபளவென்று இருந்தது. உதவியாளருக்கு அது நன்றாக நினைவிருந்தது. மூக்கன் எதிரிலேயே நின்றார். அவளுக்காகத் தன் வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம் சார்" என்றாள்.

பிறகு டாக்டர் சொல்லச் சொல்ல, புழு மூக்கன் காலில் வந்தது என்ற அந்த வரியை அவளே எழுதினாள்.

ஊர் கூடி மூக்கன் குடும்பத்தை ஊருணியிலிருந்து விலக்கியது. கண்ணாத்தாள் ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் கொண்டுவந்தார். புழு வந்த காலைத் தங்கள் கிணற்றில் இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. மூக்கன் வேலை தேடி ஊர் ஊராகப் போனார். செய்தி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. லண்டன் கழகம் மூன்று இடத்தையும் மூடியது. யுத்தம் ஒரு காரணம் என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் அந்தக் கடிதத்தை உதவியாளரிடம் கொடுத்து, கோப்பில் வைக்கச் சொன்னார்.

[ஆப்பிரிக்காவிலும் பாரசீகத்திலும் எத்தனை கால்கள் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.]

5

இனி, அந்தக் கால் யாருடையது என்று எழுத வேண்டும். மூன்று நாளும் இதற்குத்தான் போயிற்று.

முதல் பிரதியில் ஹனீபா என்ற கருவாட்டு வியாபாரி வந்தார். கட்டுமாவடியிலிருந்து வாரம் ஒருமுறை வண்டி கொண்டுவருகிறவர். ஊருணியில் கால் கழுவினார் என்று எழுதினேன். நன்றாகவே வந்தது. எருதின் கழுத்து மணிகூடக் கேட்டது. செவ்வாய்க்கிழமை மாலை பள்ளிக்கூட வாசலில் ஒரு கருவாட்டு வண்டி போயிற்று. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். நான் எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரமே அந்த வண்டியை ஊருக்குள் விடமாட்டார்கள்.

இரண்டாம் பிரதியில் பெயரில்லாத ஒரு வழிப்போக்கர். ஊர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். படியில் முக்காலி போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அவள் என்ன செய்தாள் என்று கேட்பார்கள்.

மூன்றாவதில் செத்துப்போன ஒருவர். அவருக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்.

நான்காவதில் டாக்டர் சவரியப்பனே. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதையும் எழுதினேன். அரைப் பக்கம்.

இப்படி எழுதியதில் ஒன்று புரிந்தது. பெயரை விட்டுவிட்டு, அந்தக் கால் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்தால் போதும். பதிவேட்டில் இல்லாத காலாக இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டிருக்கக் கூடாது. அதற்குரியவர், அதற்கு ஒரு வருஷம் முன்பு, சுத்தமாகாத வேறு ஏதோ ஊரில் வடிகட்டாத தண்ணீர் குடித்திருக்க வேண்டும். பையில் வடிதுணி இருந்திருக்கலாம். வெயிலில் வந்தவருக்கு வீட்டுக்காரர் சொம்பை இரண்டு கையாலும் நீட்டும்போது, அவர் முகத்துக்கு நேரே துணியை எடுத்து விரித்து, உங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்கலாம்.

முந்நூற்று எண்பத்தேழாம் நாள் கொப்புளம் வந்திருக்க வேண்டும். பதின்மூன்று நாள் மீதி. புடவை தரையைத் தொடும்படி கட்டினால் வெளியே தெரியாது. சொல்லியிருந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். லண்டன்காரர்கள் கப்பல் ஏறியாகிவிட்டது. ஐந்து நாள் எரிச்சலைப் பல்லைக் கடித்துத் தாங்கியிருப்பார்.

ஆறாம் நாள், உச்சி வெயிலில், ஊருணிப் படியில் ஒருவரும் இல்லை.

அவருக்கு எல்லாம் தெரியும். நானூற்று ஆறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் அவர். தெரிந்தும் காலை வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் எதைப் பற்றியும் நினைக்கவில்லை.

[இந்த விவரங்கள் ஒரு கற்பனைக்கு அதிகமானவை என்று தோன்றினால், நீங்கள் கவனமாக வாசிக்கிறீர்கள்.]

6

[இதை வியாழன் மாலை சேர்க்கிறேன்.]

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விசேஷ விடுமுறை. வகுப்பறையில் அவர்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மூக்கன் மாட்டேன் என்று சொல்லி, மனைவியை மட்டும் உட்காரவைத்துவிட்டுக் கதவருகே நின்றார். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. மேலே உள்ள எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கிழித்தவற்றையும் சொன்னேன். என் குரல் இரண்டாவது வரிசைக்கே எட்டாது என்று தலைமை ஆசிரியை அடிக்கடி சொல்வார்.

இதற்கு மேல் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மூக்கன் மறுபடி கிணற்றில் இறங்குகிறார். ஒன்றில் ஊர் நம்ப மறுக்கிறது. படித்த பெண்ணுக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கினான் என்கிறது. ஒன்றில் டாக்டர் என் கடிதத்தைப் பிரித்து வாசித்து, கோப்பில் வைக்கிறார். பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளுமா என்பதும் ஒரு முடிவுதான். எதையும் நான் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இவ்வளவு. வாசித்து முடித்தபோது கண்ணாத்தாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மூக்கன்தான் பேசினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ஓரத்துலயே தோண்டிக்கிட்டு இருக்கீங்களேம்மா. இப்படித் தோண்டுனா எப்பத் தண்ணி வாரது? நான் எங்கிட்டுப் போனாலும் இதத்தான் கேக்குறாங்க. யாரு காலும்மா அது?"

நான் சொன்னேன்.

"கேக்கல" என்றார் கண்ணாத்தாள். "சத்தமாச் சொல்லுங்க."

காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"என் காலுங்க. இடது கால்."