வத்திக்கான் தல வரலாறு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வத்திக்கானில் நடக்க வேண்டியது. ஒரு கர்தினால், ஒரு கொலை, சுரங்கப்பாதையில் ஒரு மெழுகுவத்தி என்று எல்லாம் தயாராக இருந்தது. முதல் வாக்கியத்தைக்கூட எழுதிவிட்டேன்:

"ரோம் நகரின்மீது பனி பெய்துகொண்டிருந்த…"

பனி எப்படிப் பெய்யும்? சத்தம் போடுமா? எனக்குத் தெரிந்த பனி, மார்கழிக் காலையில் ஸ்கூட்டர் சீட்டை நனைத்து வைக்கிற பனி. அதைத் துடைக்கத்தான் தெரியும், வர்ணிக்கத் தெரியாது. அடித்தேன்.

"சிவப்பு அங்கி அணிந்த கர்தினால் தன் மேசை இழுப்பறையைத் திறந்து…"

கர்தினாலுக்குப் பசித்தால் என்ன சாப்பிடுவார்? அதுவும் தெரியவில்லை. ஒருவருக்குச் சோறு போடத் தெரியாதவன் அவரைக் கொலை செய்வது பாவம். இதையும் அடித்தேன்.

அப்போதுதான் திருவண்ணாமலைத் தேரடி வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில், ஒரு மனிதர் வத்திக்கானுக்கு வரலாறு எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

[கேள்விப்பட்டேன் என்பது பொய். அவரை உண்டாக்கியதே நான்தான். ஆனால் உண்டான நாளிலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே நிஜ ஆள் மாதிரிதான்.]

2

பெயர் பரசுராமன். சக்கரபாணி ஆப்செட்டில் தல வரலாறு எழுதுகிறவர். கோயில் வாசல் கடைகளில் கற்பூரத்துக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குமே, மெல்லிய புத்தகம், அட்டையில் கோபுரம், பின்னட்டையில் ஊதுவத்தி விளம்பரம்? அதெல்லாம் அவர் கைவண்ணம். எந்த ஊர்க் கோயிலானாலும் அவரிடம் நான்கு பெட்டிகள் உண்டு: தலம், மூர்த்தி, தீர்த்தம், தல விருட்சம். நான்கையும் நிரப்பினால் புத்தகம் முடிந்தது. கடைசிப் பக்கத்துப் பலன்கள் எல்லாக் கோயிலுக்கும் பொது. திருமணத் தடை நீங்கும். [அவருக்கே கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது என்று இங்கே ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். மனுஷர் முறைத்தார். எடுத்துவிட்டேன்.]

ஒருநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேதா டீச்சர் வந்தார். முழுப்பெயர் வேதநாயகி. பெயரைக் கேட்டதும் பரசுராமன் பேனாவை எடுத்துவிட்டார்.

"எந்த அம்மன் கோயிலுக்குங்க டீச்சர் புஸ்தகம்?"

"அம்மன் இல்ல சார். ரோமாபுரி. இராயப்பர் கோயில்."

"ஆரணி தாண்டியா?"

"இத்தாலி சார்."

பரசுராமன் பேனாவை மூடினார். டீச்சர் விடவில்லை. "இருவத்தஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வர யூபிலி ஆண்டுக்கு எங்க ஊர்ப் பங்குலேர்ந்து ஒரு கோஷ்டி வத்திக்கானுக்குப் போறோம் சார். பங்குச் சாமியார் குடுத்த புஸ்தகம் தலகாணி மாதிரி இருக்கு, எங்க ஆளுங்க அத்த வெச்சித் தூங்கிடுவாங்க. உங்க கிரிவல புஸ்தகம் கணக்கா மெலிசா, நம்ம பேச்சுல ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எனக்கு அந்த சாமியப் பத்தி ஒண்ணும் தெரியாதேங்க."

"மத்த சாமியெல்லாம் தெரிஞ்சா எழுதினீங்க?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். பரசுராமன் சிரிக்கவில்லை. ஒத்துக்கொண்டார்.

3

நூலகத்தில் கிடந்து படித்தார். தெரியாததை எழுதக்கூடாது என்று இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் ஒரு வைராக்கியம். டீச்சர் சிரித்த சிரிப்பு வேலை செய்திருக்க வேண்டும்.

தலம் என்ற பெட்டி சுலபமாகவே நிரம்பியது. வத்திக்கான் என்பது முதலில் ஒரு மலையின் பெயர். சரிவில் கல்லறைகள். அதில் ஒன்று இராயப்பருடையது என்பது மரபு. மீன் பிடித்த மனிதர், ஏசுவின் முதல் சீடர். நீரோ மன்னன் காலத்தில் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள் என்பார்கள். பிற்பாடு கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி அந்தக் கல்லறைக்கு மேலே கோயில் கட்ட ஆசைப்பட்டு, மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கி…

பரசுராமன் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறவர். பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி வள்ளி நிமிர்ந்தாள்.

"இன்னாது, மலைய வெட்டினாங்களா?"

"சாமிக்குக் கோயில் கட்டத்தான் வள்ளி."

"சாமிக்குக் கோயில் கட்ட சாமியவே வெட்டுவாங்களா?"

"அங்க மலை சாமி இல்ல."

"அது அவங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்," என்றாள்.*

தீர்த்தத்துக்கு, அந்தக் கோயிலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் இரண்டு நீரூற்றுகள் கிடைத்தன. தல விருட்சம்தான் உதைத்தது. டீச்சருக்குப் போன் போட்டார். "டிசம்பர்ல மட்டும் எங்கேர்ந்தோ பெரிய மரமா கொண்டாந்து நட்டு வெப்பாங்க சார்." 'தல விருட்சம்: சீசன்' என்று எழுதிக்கொண்டார்.

மூர்த்தி என்ற பெட்டிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. உள்ளே தெய்வம் இருக்கிறது, சரி. கூடவே ஒரு ராஜாவும் இருக்கிறாரே? பாப்பரசர் என்கிற பெயருக்குள்ளேயே அரசர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு காலத்தில் நாடு, சேனை, சிறைச்சாலை எல்லாம் இருந்தது. சக்கரவர்த்தியே எழுதிக்கொடுத்த நாடு என்று ஒரு பட்டயம்கூடக் காட்டினார்கள். பல நூற்றாண்டு கழித்து ஒரு பண்டிதர் அதன் லத்தீனைப் படித்துவிட்டு, இந்த வார்த்தையெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சில்லையே என்று போலியைக் கையும் களவுமாகப் பிடித்தார். ("நம்ம பைபாஸ் ரோட்டு பிளாட்டு மாதிரி," என்றார் அச்சகத்து முதலாளி சக்கரபாணி.) 1870இல் இத்தாலிக்காரர்கள் ரோமைப் பிடித்ததும் பாப்பரசர், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அந்தக் கோபத்தை விடவில்லை. 1929இல் ஒப்பந்தம் போட்டு, அந்தத் துண்டு நிலத்தைத் தனி நாடு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சமாதானம்.

பாதி தெய்வம், பாதி ராஜா. இதற்குத் தமிழில் என்ன பெயர்?

பரசுராமன் நெடுநேரம் காதைக் குடைந்துகொண்டிருந்தார். பிறகு எழுதினார்:

'கோ என்றால் அரசன். இல் என்றால் வீடு. பழந்தமிழில் கோயில் என்றால் அரண்மனையும்தான். வத்திக்கான் என்பது ஒரு கோயில். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களும் இன்றைக்கும் ஒரே மதிலுக்குள் குடியிருப்பது அங்கேதான்.'

எழுதிய சந்தோஷத்தில் கை பழக்கதோஷத்தில் ஓடியது: 'வலம் வரும் முறை: மதில் ஓரமாகச் சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகலாம். செருப்பில்லாமல் நடப்பது உத்தமம்.'

___
* இந்தப் பேச்சைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்று பரசுராமன் ஆசைப்பட்டார். கதையில்கூட வேண்டாம் என்று நான் சொன்னேன். யார் ஜெயித்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4

வேதா டீச்சர் மாதிரிப் படியை அச்சகத்திலேயே நின்று படித்தார். வலம் வரும் முறையில் வாய்விட்டுச் சிரித்தார்.

"அடிச்சிடறேன் டீச்சர், கை தப்பு பண்ணிடுச்சு."

"அடிக்காதீங்க. நாங்க நடப்போம். செருப்புதான் யோசிக்கணும், அங்க குளுராமே."

பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பி, கோயில் என்ற இடத்தில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"நான் சின்னப் பொண்ணா இருக்கச்சொல்ல சர்ச்னு சொன்னதே இல்ல சார். ஞாயித்துக்கெழம ஆனா கோயிலுக்குப் போறோம்னுதான் சொல்வோம். காலேஜ்ல ஒருத்தி, 'உங்களுக்கு ஏதுடி கோயிலு?'ன்னா. அதுலேர்ந்து வெளிய சர்ச், வூட்ல கோயில்." விரலை எடுத்தார். "நீங்க வூட்டுப் பேச்ச அச்சுல போட்டுட்டீங்க."

[இந்த இடத்தில் டீச்சரின் கண்கள் கலங்கின என்று எழுதி அடித்தேன். கலங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது தூசிக்கும் துடைப்பதுதான்.]

5

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். சக்கரபாணியை உட்காரவைத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. வள்ளிக்கு வலி எடுத்தபோது வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் தன் காரை ஓட்டிக்கொண்டு போன ஆள். எல்லாருக்கும் டீ வந்த பிறகுதான் தன் டீயைத் தொடுவார். அவரிடம் இருப்பது பயம் ஒன்றுதான். அதற்காக ஒருவரை வில்லனாக்கினால் என்னை எங்கே வைப்பது?

"பரசு, புஸ்தகம் ஜோரா இருக்குய்யா. அந்த ஒரு வார்த்தைய மட்டும் சர்ச்னு மாத்திடு."

"ஏன் மொதலாளி?"

"யாரோ ரெண்டு பேர் வந்தானுங்க. எப்படித் தெரிஞ்சுதோ. அவங்களுதையும் கோயில்னு அடிப்பியான்னு கேட்டானுங்க. அடிச்சா ஒரு கடையில நம்ம புஸ்தகம் தொங்காதுன்றான். இன்னாய்யா, அதுவும் மூணெழுத்து, இதுவும் மூணெழுத்து. பக்கம்கூட நவுராது."

சொன்னபடி செய்துகொடுப்பது பரசுராமனுக்குப் பழக்கம். திருவண்ணாமலைப் பெரிய கோயில், வெள்ளைக்காரர் காலத்துக் கர்நாடகச் சண்டைகளின்போது கோட்டையாகவும் இருந்ததைப் பற்றி முன்பு ஒரு பக்கம் எழுதியிருந்தார். பக்தர்கள் மனசு நோகும் என்று சக்கரபாணி சொன்னதும், பேசாமல் எடுத்துக்கொடுத்தார். இந்தத் தடவையும் அப்படித்தான் செய்வார் என்று சக்கரபாணி நினைத்தார். நானும் நினைத்தேன். அடுத்த வாக்கியத்தை 'பரசுராமன் தலையாட்டினார்' என்று தொடங்கியும்விட்டேன்.

ஆட்டவில்லை.

"மாத்த மாட்டேன் மொதலாளி. அந்தம்மா வூட்டுப் பேச்சே அவங்களுக்குச் சொந்தமில்லன்னு என் கையால எழுதித் தரச் சொல்றீங்க."

"ஜாஸ்தி பேசாத. நீ இன்னா கிறிஸ்துவ வேதக்காரனா?"

"நான் கோயிலுக்குப் புஸ்தகம் எழுதறவன். இதுவும் கோயில்தான். எழுதியிருக்கேன்."

"அப்ப நாளையிலேர்ந்து வராத!"

சொல்லிவிட்டு, சொன்னவரே பயந்துபோய் டீயைக் கீழே வைத்தார். இந்தக் கடையை விட்டால் பரசுராமனுக்கு வேறு வேலை இல்லை. அவர் புத்தகம் தொங்க இந்த ஊரில் வேறு கயிறு இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும். மூன்றாவது ஆள் நான்.

6

விஷயம் டீச்சர் காதுக்குப் போய்விட்டது. நேராகவே வந்துவிட்டார்.

"சர்ச்னே போட்டுடுங்க சார். எங்களால உங்க பொழப்பு கெட வேணாம். எங்களுக்கு இது பழக்கம்தான்."

"பழகிட்டேன்னு சொல்றீங்க பாருங்க டீச்சர், அதுக்காகத்தான் மாத்த முடியாது."

நான் பதறிப்போய்ச் சில முடிவுகளைத் தயார் செய்தேன்.

(அ) கடைக்குக் கூட்டம் வருகிறது, கல் பறக்கிறது, பரசுராமன் நெற்றியில் ரத்தம். வேண்டாம். ரத்தம் வந்தால் வாசகர் வார்த்தையை மறந்துவிடுவார்.

(ஆ) அந்த இரண்டு பேரும் புத்தகத்தை வாங்கிப் படித்து மனம் மாறுகிறார்கள். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

(இ) சமரசம். நான் குனிந்து பரசுராமன் காதில் சொன்னேன்: "தேவாலயம்னு போடுமே. நல்ல தமிழ். யாருக்கும் நோகாது." அவர் யோசித்தார். மரியாதைக்காகத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன். "அழகாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அவங்க வூட்ல அத்த யாரும் பேசலியே."

ஆக, சொல்வதற்கு மிச்சம் இருப்பது இவ்வளவுதான். கணினியில் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. தட்டச்சு செய்கிற கீர்த்தனா அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்து நீலமாக்கி வைத்திருக்கிறாள். ஒருபக்கம் சக்கரபாணி. மறுபக்கம், வேலை போன பிறகும் நாற்காலியை விட்டு எழாத பரசுராமன். வாசலில் வேதா டீச்சர்.

"மாத்தவா, வேணாமா? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க அண்ணா, எனக்கு பஸ்ஸு போயிடும்."

"மாத்து," என்கிறார் சக்கரபாணி. குரல் ஏனோ எழும்பவில்லை.

"தொடாதம்மா," என்கிறார் பரசுராமன்.

கீர்த்தனாவின் விரலை நான் இதற்குமேல் நகர்த்தப்போவதில்லை. அது இனி உங்கள் விரல். அழுத்துங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். கோயில் வாசல் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள், சக்கரபாணி மறுநாள் ஆளனுப்பிப் பரசுராமனைக் கூப்பிடுவாரா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இஷ்டம்.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். பரசுராமன் மன்னிப்புக் கேட்கிற முடிவை எழுதிவிடலாம் என்று மட்டும் உட்காராதீர்கள். நானும் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். வசனத்தை எழுதி அவர் வாயருகே கொண்டுபோனால், மனுஷன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.