பீரோவைக் கட்டிப்போடும் கிட்டார்

பாஸ் கிட்டாரின் கழுத்து ஒடிந்த வாரத்திலிருந்து லிப்ட் மெக்கானிக்கின் வீட்டுச் சாமான்கள் வாசற்கதவை நோக்கி நகரத் தொடங்கின. முதலில் நகர்ந்தது பிரிட்ஜ், ஒரு விரற்கடை. பிறகு பீரோ, அதன் பின்னால் கட்டில். மெக்கானிக் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்; குமிழி நட்டநடுவில் நின்றது. கோலிக்குண்டு ஒன்றை வைத்துப் பார்த்தார். அது வைத்த இடத்தில் இருந்தது. கீழ்வீட்டிலும் மேல்வீட்டிலும் போய் விசாரித்தார். அவர்கள் வீட்டில் எதுவும் எங்கும் போகவில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள். லிப்ட் தண்டவாளங்களை நேராக்கச் சொருகும் இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து பீரோவின் கால்களுக்கு முட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் தகடுகளையும் கூட்டிக்கொண்டு பீரோ நகர்ந்திருந்தது.

கிட்டார் ஒடிந்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். அவர் மனைவி பல் செய்யும் லேபிலிருந்து திரும்பி வந்து, இரண்டு கையிலும் பை இருந்ததால் கதவைத் தோளால் தள்ளினாள். சத்தம் கேட்டு அவர் வந்தார். இருவரும் தரையில் கிடந்ததைப் பார்த்தார்கள். அவர் கழுத்தை எடுத்துக்கொண்டார், அவள் சிதறிக் கிடந்த சிராய்களைப் பெருக்கினாள். அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதம் முழுவதும் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் பேசிப் பார்த்திருந்தார்கள், பெரிதாக ஒத்துவரவில்லை. அதற்குச் சண்டை என்று பெயரில்லை. வார்த்தைகள் வாய்வரை வந்து, வேலை இல்லாதவர்களைப் போல நின்றுவிட்டுத் திரும்பிப் போயின. அதனால் சாயங்காலங்களில் அவர் சின்ன அறையில் உட்கார்ந்து பாஸ் வாசிப்பார். அவள் ஹாலில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, லேபில் முடியாமல் கொண்டுவந்த செட்டுப் பற்களை அரத்தால் ராவிக்கொண்டிருப்பாள். அந்தச் சுவர்தான் இருவருக்கும் நடுவில் இருந்தது. பதினொரு வருடம் அப்படியே போயிற்று.

பழைய கிட்டாரில் ஒரு குறை இருந்தது. தடித்த தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளில் மூன்றாவதில், அழுத்தினால் அடியில் ஒரு கரகரப்பு எழும். மெக்கானிக்குக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. கம்பியைத் தேய்த்தார். தந்தியை உயர்த்தினார், தாழ்த்தினார். கழுத்துக்கு அடியில் சிகரெட் அட்டையை மடித்து வைத்தார். வாரத்தில் மூன்று நாள் ஒரு ஹோட்டலின் இசைக்குழுவில் வாசிக்கப் போகும்போது அந்தச் சுரத்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார். அங்கே சாப்பிடுகிறவர்களுக்குப் பாஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்.

கழுத்து ஒடிந்த இரண்டாவது மாதம், தொலைவில் இருக்கும் ஒரு பெரிய நகரத்து லேபிலிருந்து அவர் மனைவிக்கு அழைப்பு வந்தது. அவள் செய்யும் பற்களைப் போட்டுக்கொண்டவர்கள் கரும்பைக்கூடக் கடிக்கிறார்களாம், வந்து ஒரு பிரிவையே எடுத்து நடத்த வேண்டுமாம். அவள் அதை ஒரே வரியில் சொன்னாள். அவர், "உன் இஷ்டம்" என்றார். அன்று ராத்திரி பிரிட்ஜ் ஒரு முழம் போயிற்று.

அவருக்கு விஷயம் பிடிபட்டது தற்செயலாக. இசைக்குழுவின் தலைவர் தன்னுடைய பாஸை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். அன்று சாயங்காலம் அவர் வாசித்தார், மறுநாள் காலையில் எதுவும் நகர்ந்திருக்கவில்லை. திங்கட்கிழமை கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பீரோ, விட்ட நாளையும் சேர்த்து ஈடுகட்டியிருந்தது. புதிதாக ஒரு கிட்டார் தேடும் வேலை இப்படித்தான் ஆரம்பித்தது, அது முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

வாத்தியக் கடையை நடத்தியவள் ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்தவள், ஒரு காது மந்தம். எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். மெக்கானிக் கிட்டார் தேர்ந்தெடுத்த விதத்தை அவள் பல வருடம் கழித்தும் சொல்லிச் சிரித்ததுண்டு. முதலில் உடம்பை விரல் மடக்கித் தட்டுவார், யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்பதைப் போல. கழுத்தை ஒற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, லிப்ட் தண்டவாளத்தைப் பார்ப்பது போல நீளவாக்கில் பார்ப்பார். ஃபிரெட் கம்பிகளின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டுவார். எங்காவது உறுத்தினால் கீழே வைத்துவிடுவார். தந்தியை முறுக்கும் காதுகளைத் திருகி, திருகிய இடத்தில் நிற்கின்றனவா, பின்னால் வழுக்குகின்றனவா என்று பார்ப்பார். அதன் பிறகும் வயரைச் சொருக மாட்டார். கிட்டாரின் கொம்பில் தாடை எலும்பை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது சாகும்வரை காத்திருப்பார். கடையில் வேறு ஆள் வந்தால் திரும்ப முதலிலிருந்து.

"தம்பி, நீங்க பாட்டு வாசிக்கத் தேடுறீங்களா, பீரோவைக் கட்டிப்போடத் தேடுறீங்களா?" என்றாள் அக்கா, சங்கதி தெரிந்தபின்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"அப்போ கடையிலே வச்சு எப்படித் தெரியும்? வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு வாரம். கீறல் விழுந்தா உங்களுது."

முதலில் போனது பழுப்பும் மஞ்சளும் கலந்து சாயமேற்றிய ஒரு கிட்டார். சத்தத்தில் அதற்கு ஈடில்லை. அடிச்சுரம் தரை வழியாக வந்து முழங்காலில் ஏறியது. பீரோ நின்றது, கட்டில் நின்றது. ஆனால் இரண்டாவது தந்தியில் ஓர் இடத்தில் சுரம் பிறந்ததும் செத்துப்போகும். அந்த இடத்தை அவர் தொடும்போதெல்லாம் மேஜைமேல் இருக்கும் டம்ளர்கள் ஒரு அடி வாசல் பக்கம் போகும். வாரக்கடைசியில் வீட்டில் நான்கு டம்ளர் குறைந்தது. அடுத்தது ஒல்லிக் கழுத்து, கைக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. இத்தனை வருடம் எட்டாத இடமெல்லாம் எட்டிற்று. ஆனால் உடம்பு லேசான மரம் என்பதால் தோளில் மாட்டியதும் கிட்டாரின் தலை கீழே சாய்ந்தது. வாசிக்கும் கையே தாங்கவும் வேண்டியிருந்தது. அந்த வாரம் சாமான்கள் வாசலுக்குப் போகவில்லை, இருந்த இடத்திலேயே மெல்லச் சுற்றின. பிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் அது முகம் காட்டும் வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஐந்து தந்தி, கனத்த மரம், கழுத்தும் உடம்பும் ஒரே துண்டு. கத்தி நுனி போக இடமில்லாத இணைப்பு. எந்தச் சுரமும் எந்தச் சுரத்துக்கும் இளைத்ததில்லை. அவர் அதை வாசித்த முதல் சாயங்காலமே வீடு முழுக்க நின்றுவிட்டது. பீரோ, கட்டில், நாற்காலி, அதோடு சுவர்க்கடிகாரம், குழாயில் சொட்டும் தண்ணீர், மேஜை இழுப்பறை, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் நின்றன. மனைவி கரண்டியை எடுக்கப் பார்த்தாள், அது பாத்திரத்தோடு ஒட்டி நின்றது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு அதுங்க ஓடுறதே தேவலை" என்றாள். அந்த வாரம் இருவரும் வெளியில் சாப்பிட்டார்கள்.

இப்படிக் கொண்டுபோவதும் கொண்டுவருவதுமாக ஒரு கோடை போயிற்று, ஒரு மழைக்காலம் போயிற்று. பார்சல் வேன் ஓட்டும் மச்சினன்தான் ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்கினான். "மாமா, செருப்புக்கடையிலேகூட இத்தனை தடவை மாத்தித் தரமாட்டான். அந்த அக்கா சாமி" என்பான். மெக்கானிக் கிட்டாரை மடியில் நிறுத்திவைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார். அவருக்குத் தூக்கம் குறைந்தது. லிப்ட் இயந்திர அறையில் இரும்புக் கயிறு ஓடும் ஓசையில் சுரம் தேடினார், பழுதில்லாத லிப்டையும் இரண்டு தடவை மேலே கீழே ஓடவிட்டார். ஒன்றில் சத்தம் சரியாக இருந்தால் கை ஒட்டாது, கை ஒட்டினால் வேலைப்பாடு மட்டமாக இருக்கும், மூன்றும் சேர்ந்தால் கரண்டி வராது. இதற்கிடையில் பிரிட்ஜ் கதவைத் தாண்டிப் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போய்விட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் அதில் தங்கள் தயிரையும் வைக்க ஆரம்பித்தார்கள். கட்டில் வாசற்படியின் குறுக்கே நின்றது. வேலைக்குப் போக வேண்டுமானால் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும்.

ஒருநாள் காலையில், மனைவி டீ குடித்துக்கொண்டிருந்த நாற்காலி அவளோடு சேர்ந்து நகர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"நான் போகலே. நாற்காலிதான் போகுது" என்றாள்.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த லேபுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ளே சொல்லணுமாம். இதுக்கு மேலே காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க" என்றாள். நாற்காலி கட்டிலில் முட்டி நின்றது. அவள் டீயை முடித்துவிட்டு, கட்டில்மேல் ஏறி இறங்கி வேலைக்குப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மெக்கானிக் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கடைக்குப் போனார். மதியத்துக்குள் கடையில் இருந்த எல்லாப் பாஸையும் தாடையில் வைத்துப் பார்த்துவிட்டார். தாடை சிவந்து வீங்கியிருந்தது. இரண்டை எடுத்துவைத்தார், ஒன்றைத் திரும்ப மாட்டினார், மாட்டியதைத் திரும்ப எடுத்தார். அக்கா தன் கேட்கும் காதை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு மணிக்கு அவர் மனைவி உள்ளே வந்தாள். லேபிலிருந்து நேராக வந்திருந்தாள், புறங்கையில் பல் அச்சு எடுக்கும் மாவு காய்ந்திருந்தது. இந்தக் கடைக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. கிட்டார் எதையும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்னக்கா?"

"குடோன். ஓட்டை உடைசல்."

அவள் குடோனுக்குள் போய், ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "வாசிங்க" என்று அங்கிருந்து குரல் வந்தது.

அவர் வாசித்தார். ஒவ்வொன்றாக, சாயங்காலங்களில் வாசிக்கும் அதே வரிசையை. பழுப்பு மஞ்சள் கிட்டாருக்குக் குடோனிலிருந்து சத்தமில்லை. ஒல்லிக் கழுத்துக்குச் சத்தமில்லை. ஐந்து தந்திக்கு, "அய்யோ, அது வேண்டாம்" என்று வந்தது. எல்லாம் தீர்ந்தபின் குடோனில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் வெளியே வந்தாள். குடோன் மூலையிலிருந்து ஒரு பாஸைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி வந்திருந்தாள். உடம்பு ஒரு கிட்டாருடையது, கழுத்து வேறொன்றுடையது, திருகுகாதுகள் நாலில் மூன்றுதான் ஒரே ஜாதி. சாயம் உரிந்து மரம் தெரிந்தது.

"அது விக்கிறதுக்கு இல்லேம்மா. கூட்டிச் சேத்தது" என்றாள் அக்கா.

மெக்கானிக் அதை வாங்கி வழக்கம்போலத் தட்டினார், ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கழுத்தைப் பூட்டும் இடத்தைக் காட்டி, "பழைய திருகு ஓட்டையை அடைச்சு, பக்கத்திலே வேற ஓட்டை போட்டிருக்காங்க. இதெல்லாம் நிக்காது" என்றார்.

அவள் அந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஃபிரெட் ஓரங்களில் விரலை ஓட்டினாள். "அடைச்சவன் நல்லா அடைச்சிருக்கான். ராவினவனும் பொறுமையா ராவியிருக்கான். பொய்ப்பல்லும் இப்படித்தான் நிக்குது. வாசிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குடோனுக்குள் போனாள்.

அவர் வாசித்தார். கனம் தோளில் சரியாக உட்கார்ந்தது, கை தடுமாறவில்லை. தடித்த தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டுக்கு வந்ததும் அடியில் கரகரவென்றது. அவர் கை தானாக நின்றது.

"நிறுத்தாதீங்க."

"கரகரங்குது. இது குறை."

"தெரியும். பதினோரு வருஷமா முதுகிலே கேட்டிருக்கேன்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் கேட்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"அது வந்தாத்தான் நீங்க உள்ளே இருக்கீங்கன்னு தெரியும். மத்ததெல்லாம் ரேடியோவா இருந்தாலும் இருக்கும்" என்றது குடோன்.

அவர் அதே சுரத்தைத் திரும்ப வாசித்தார், சுற்றிக்கொண்டு போகாமல், பல தடவை. அக்கா மந்தக் காதையும் திருப்பிக் கேட்டாள். குடோனுக்குள் மனைவியின் போன் அடித்தது, பெரிய நகரத்து லேபிலிருந்து. அவள் எடுத்து, வரமுடியவில்லை என்றும், அந்த ஊரின் ஈரக்காற்றில் மாவு இறுக நேரமாகும் என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னாள். அந்த ஊர் ஈரமா வறட்சியா என்று அவளுக்குத் தெரியாது.

அக்கா கொடுத்தனுப்பிய அந்தப் பாஸ் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து சாமான்கள் போன இடத்தில் நின்றன. அவற்றைப் பழைய இடத்துக்குத் தூக்கிவைக்கலாம் என்று மச்சினன் ஆளோடு வந்தான். வேண்டாம் என்றுவிட்டார்கள். கட்டிலை மட்டும் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திருப்பிப் போட்டார்கள். பிரிட்ஜ் இன்றும் படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் மேல்தட்டையும் இவர்கள் கீழ்த்தட்டையும் வைத்துக்கொள்கிறார்கள். வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழைந்து, பீரோவைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் காலியாகக் கிடக்கும் பெரிய ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு உட்காருகிறார்கள். மெக்கானிக் ஹோட்டலில் வாசிக்கப்போகும் நாட்களில் மட்டும் அவள் நாற்காலி ஒரு விரற்கடை நகரும். மறுநாள் காலையில் அவள் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் காலால் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருவாள்.