கதவுக்குப் பின்னால் மூன்று இன்ச்

தண்ணீர் டியூபின் ஒரு முனையைச் சுகுமாறன் ஆணியில் கட்டினார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அந்த முனையை ஆணியில் கட்டியது இதுதான் முதல் தடவை. அது மனைவி மாதவி பிடிக்க வேண்டிய முனை. விரல் தடிமனில், உள்ளே தண்ணீர் தெரிகிற சாதாரண பிளாஸ்டிக் டியூப்தான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைப் பார்த்துச் சுவரில் கோடு போட்டுக்கொண்டால் எத்தனை வரிசை ஏறினாலும் டைல் சாயாது. அவர் ஒரு மூலையில் நிற்பார். அவள் எதிர் மூலையில் நின்று, “ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க, போதும் லா” என்பாள். ஆணி எதுவும் சொல்லவில்லை. அவரே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நாலு தடவை நடந்தார். நடப்பதற்கென்ன, ஆறேகால் அடி நீளம், நாலடி அகலம். இரண்டு எட்டு வைத்தால் சுவரில் மூக்கு இடிக்கும் குளியலறை.

கிள்ளான் பண்டமாரானில் அந்த அடுக்குமாடி வீட்டுக்கு அவர்கள் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஷா ஆலம் பங்களாக்களிலும் சுபாங் ஜெயா கொண்டோக்களிலும் அவர் டைல் ஒட்டினார், அவள் பின்னாலேயே வந்து இடுக்குகளில் வெள்ளை சிமெண்டு பூசித் துடைத்தாள். ஊர்க்குளியலறை எல்லாம் பளபளத்தது. இவர்கள் வீட்டில் மட்டும் வெறும் சிமெண்டுச் சுவர், அதில் பாசி. “நமக்கு எப்பங்க?” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள். “அடுத்த வருசம்” என்பார். மனுஷன் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் மனதார நம்பித்தான் சொன்னார்.

மாதவிக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. இனி மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம், நடக்க முடியாது, நாற்காலியில் உட்கார வைக்கலாம். ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில் ஈரத்துணியால் துடைத்துவிட்டே வைத்திருந்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “வீட்டுக்குப் போய் ஒக்காந்து, என் கையால தண்ணி மொண்டு ஊத்திக்கணும்.” அன்றைக்கே அவர் கையிலிருந்த இரண்டு வேலையை விட்டுவிட்டு டைல் வாங்கினார். வெள்ளையில் லேசாகச் சாம்பல் கோடு ஓடுகிற, ஓரடிக்கு இரண்டடி டைல். ஒரு தடவை கடையில் அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தது அவருக்கு நினைவிருந்தது.

திங்கட்கிழமை இடது சுவர். டைல் அகலத்துக்குக் கோடு போட்ட குச்சியைச் சுவரோடு வைத்து நகர்த்திப் பார்த்தார். ஆறு முழு டைல் போக மூன்று இன்ச் மிச்சம். ஆறுக்கு நிற்கவும் மாட்டாது, ஏழுக்கு எட்டவும் மாட்டாது. இந்த மாதிரிச் சுவரைக் கட்டுகிறவர்கள் வேண்டுமென்றேதான் கட்டுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம். மூன்று இன்ச் துண்டு தொழில்காரனுக்கு அவமானம். இரண்டு பக்கமும் ஏழரை இன்ச்சாகப் பிரிக்கலாம், ஆனால் அப்போது எங்கே பார்த்தாலும் வெட்டாகத் தெரியும். கதவைத் திறந்ததும் கண் விழுகிற மூலையில் முழு டைல் நிற்க வேண்டும், வெட்டுத் துண்டு கதவுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். எத்தனையோ வீட்டில் கை தானாகச் செய்த காரியம். இங்கேயும் உள் மூலையில் முழு டைலாக ஆரம்பித்து, வாசல் பக்கம் மூன்று இன்ச் துண்டோடு முடித்தார். சாயங்காலம் நாலு மணிக்குச் சுவர் நின்றது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். நன்றாகத்தான் வந்திருந்தது.

கையைக் கழுவுவதற்குள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருக்கிற மகள் உஷாராணியின் போன், பேசியது மாதவி.

“சாப்டீங்களா?”

“ஆச்சு. எடது பக்கம் முடிஞ்சிருச்சு. ஒரு நூல்கூட சாயல.”

“வெட்டு எங்க விழுந்துச்சு?”

“மூணு இன்ச்தான். கதவுக்குப் பின்னால தள்ளிட்டேன். யாரு கண்ணுக்கும் படாது.”

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“எந்தக் கதவுங்க? நாற்காலி உள்ள போகாதுன்னு நீங்கதானே கதவக் கழட்டுனீங்க, உஷா சொன்னா. வாசலை ஒட்டித்தானே என்னை ஒக்கார வைக்கணும்? மூஞ்சிக்கு நேரா அதான் இருக்கும்.”

சுகுமாறன் திரும்பிப் பார்த்தார். போன வாரம் அவரே கழற்றிய கதவு வராந்தாவில் சாய்ந்து கிடந்தது. இல்லாத கதவுக்குப் பின்னால் டைலை ஒளித்திருக்கிறார்.

“பரவால்ல லா. நான் கண்ண மூடிக்கிறேன்” என்றாள் மாதவி.

அவர் மூடவிடவில்லை. பசை இறுகுவதற்குள் கொத்துக்கரண்டியைக் கொடுத்து ஒவ்வொரு டைலாக நெம்பி எடுத்தார். வாளித் தண்ணீரில் முதுகு தேய்க்கிற மாதிரித் தேய்த்துக் கழுவினார். நாலு உடைந்தது. இந்தத் தடவை வாசல் பக்கத்திலிருந்து முழு டைலாக ஆரம்பித்தார். அவள் உட்காரப் போகும் இடத்துக்கு எதிரே ஒரு வெட்டுக்கூட இல்லை. மூன்று இன்ச் துண்டு உள் மூலைக்குப் போனது. வெளியே நின்று பார்த்தால் மேலிருந்து கீழ் வரை பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது. யார் பார்த்தால் என்ன என்று சொல்லிக்கொண்டார். கடையில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, அவளுக்கு எட்டுகிற உயரத்தில் வாளி வைக்க ஒரு முக்காலியும் போட்டார். வியாழக்கிழமை அதில் தானே உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நாள் கழித்து அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாதவியை ஸ்ட்ரெச்சரில் மூன்று மாடி தூக்கி வந்தார்கள். புதன்கிழமை படுக்கையில் திரும்பும்போது முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கிவிட்டது என்று உஷாராணி படிக்கட்டில் வைத்துத்தான் சொன்னாள்.

“இனிமே ஒக்கார வைக்கவே கூடாதாம்ப்பா. நீங்க வேலை செஞ்சிகிட்டு இருந்தீங்களா, போன்ல சொல்ல வாய் வரல.”

இரவல் வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டில் அறைவாசலில் நுழையவில்லை, ஹாலில்தான் போட முடிந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்ப் ஓயாமல் ஓட வேண்டும். அதற்கான பிளக் குளியலறைக்கு எதிர்ச்சுவரில் மட்டும்தான் இருந்தது. ஆகவே தலைமாடு அங்கே, கால்மாடு குளியலறை வாசலைப் பார்த்து. தூக்கி வந்தவர்கள் போனார்கள். உஷாராணி மருந்து வாங்கக் கீழே இறங்கினாள். கதவுக்குப் பதிலாகக் குளியலறை வாசலில் மாட்டியிருந்த பூப்போட்ட துணியையே மாதவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத ஒதுக்குங்க.”

“அப்புறம் பாக்கலாம்மா.”

“அப்புறம் எப்பங்க?”

அவர் போய்த் துணியை ஒதுக்கினார். வெள்ளைச் சுவர் தெரிந்தது. முழு டைல் ஆறும் பக்கவாட்டில் மங்கிப்போய், உள் மூலையில் அந்தத் துண்டு மட்டும் நேராகக் கண்ணில் குத்தியது. முதலில் ஒட்டியபடியே விட்டிருந்தால் இந்தக் கட்டிலிலிருந்து ஒரு குறையும் தெரிந்திருக்காது. கையாளாக இருந்தவளின் கண் நேரே அங்கேதான் போனது.

“இங்க வந்திருச்சா?”

“ஒனக்காகத்தான் மாத்தினேன். நாற்காலிக்கு நேரா...” உள்ளே போய்த் துண்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். “பேத்துட்டு மறுபடியும் ஒட்டிடறேன். ரெண்டே நாளு” என்றார்.

“காஞ்சிருச்சுங்க. விடுங்க.”

அவர் துணியை இழுத்துவிடப் போனார்.

“மூடாதீங்க. வெள்ளை சிமெண்டு இன்னும் பூசலையே. எனக்காகக் காத்துகிட்டா இருந்தீங்க?”

அதற்காகத்தான் காத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டுகிற வரைக்குமாவது அவளே பூசட்டும் என்று இடுக்குகளை அப்படியே விட்டு வைத்திருந்தார். இப்போது நாற்காலியை வெளியே எடுத்து வைத்தார். விலைச்சீட்டு இன்னும் அதன் முதுகில் ஒட்டியிருந்தது. பழைய மைலோ டின்னில் வெள்ளை சிமெண்டைக் குழைத்து, உள் மூலையில் முட்டி போட்டு, துண்டு டைலின் ஓரத்தில் கட்டைவிரலால் பூச ஆரம்பித்தார். அவருக்கு அது கை பழகாத வேலை. சாந்து வழிந்தது.

“மேல விட்டுட்டீங்க” என்றாள் மாதவி.

அவர் திரும்பிப் பார்த்தார். பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கண் சுவரிலேயே இருந்தது. போர்வையின் மேல் அவளுடைய கட்டைவிரல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தது, மூன்று இன்ச் தள்ளிப் போய் நின்றது, அடுத்த கோட்டை ஆரம்பித்தது.