அம்மா சீவிய கோடு

அம்மாவுக்குப் பட்டுப்புடவை கட்டிவிடச் சொல்லி அண்ணன் கேட்டபோது, அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ஈப்போ நகரில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கும் புஷ்பலதாவுக்கு அதைக் கேட்டதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோபம் அதன் பின்னாலேயே வந்தது.

அண்ணன் யுகேந்திரனின் மகள் ஷாமினிக்குக் கல்யாணம். மணவறை ஓரத்தில் இறந்துபோன பெரியவர்களின் படத்தை மாலை போட்டு வைப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். அப்பாவைப் பெற்ற வீரம்மாவின் படம் அத்தை கையால் பூத்தையலில் வேண்டும் என்று ஷாமினி ஆசைப்பட்டுவிட்டாள். வீரம்மாவுக்கு இருந்ததோ ஒரே ஒரு போட்டோ. அடையாளக் கார்டில் இருந்த படம் அவள் இறந்ததும் கார்டோடு அரசாங்கத்துக்குப் போய்விட்டது. செமோர் பக்கத்துத் தோட்டத்தில், துரை வீட்டுக்கு விருந்துக்கு வந்த யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் மிச்சம். அதில் அம்மா ரப்பர் மரத்தின் முன்னால் நிற்கிறாள். அப்பாவின் பழைய சட்டை, கைலி, தலையில் துண்டு, தூக்கிய கையில் மரப்பட்டையைச் சீவிப் பால் இறக்கும் சீவு கத்தி, காலடியில் பால் வாளி. 'சீக்கிரம் எடுத்துத் தொலை, எனக்கு மரம் கிடக்கு' என்கிற பார்வை.

யுகேந்திரன் போட்டோவைக் கடை மேசைமேல் வைத்தான்.

"பட்டுச் சேலை ஒண்ணு கட்டி விட்டுரு புஷ்பா. கழுத்துல ஒரு சங்கிலி. முகம் கொஞ்சம் வெளுப்பா வந்தா நல்லாருக்கும். மரம், கத்தி, வாளி எல்லாத்தையும் எடுத்துரு. ஊசியில போடுறதுதானே, எவனுக்கும் தெரியாது லா."

"எதுக்குண்ணே?"

"மாப்பிள்ளையோட அம்மா தாப்பாவுல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. நம்ம அம்மாவும் தோட்டத்து ஸ்கூல்ல டீச்சர்னு ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சிட்டேன்."

"அம்மாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே. பெருவிரல வச்சவங்க."

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

அவன் இன்றைக்கு ஏர்கான் கம்பெனி முதலாளி. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் 'செமோர் சைடு' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவான். தோட்டம் என்ற சொல் அவன் வாயில் வந்து பல வருஷம் ஆகிறது. புஷ்பலதா போட்டோவை எடுத்து உள்ளே வைத்தாள்.

அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கம் இல்லாதவள். அதனால் முதலில் அவன் சொன்னபடிதான் செய்து பார்த்தாள். போட்டோவைப் பெரிதாக்கி, காலை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத் துணியை விரித்துப் பென்சிலால் வரைந்தாள். சட்டையை விட்டுவிட்டுச் சேலை போட்டாள். ஜரிகைக் கரை கட்ட மூன்று நாள் ஆனது. கரை அழகாகத்தான் வந்தது. ஆனால் கத்தியை எடுத்துவிட்டால் கை எதற்காக மேலே போகிறது? பட்டுச்சேலை கட்டிய அம்மா யாரையோ அறையப் போகிறவள் மாதிரி நின்றாள். கையை இறக்கி வரைந்தாள். அப்போது தோள் சரிந்தது, தோளோடு கழுத்தும் சரிந்தது. கழுத்தின் மேல் இருந்த முகம் யாரோ ஒரு வீட்டு அம்மாவின் முகம் ஆகிவிட்டது. நாற்பது வருஷம் மரம் சீவி ஏறிய தோள் அது. அதை இறக்க அண்ணன் யார்? நான்தான் யார்?

துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். புதுத் துணி எடுத்தாள்.

நூல் கடையில் முகத்துக்கு நூல் கேட்டதற்கு, அங்கே வேலை செய்யும் பெண் வெளிறிய இளஞ்சிவப்பு நூற்கண்டு ஒன்றை நீட்டினாள்.

"ஸ்கின் கலர் அக்கா. மூஞ்சிக்கு எல்லாரும் இதான் எடுப்பாங்க."

"யாரு மூஞ்சிக்கு?" என்றாள் புஷ்பலதா.

அந்தப் பெண் தன் கையையும் நூலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பழுப்பு நூல் பெட்டியைத் திறந்தாள். புஷ்பலதா பதினொரு பழுப்பு எடுத்தாள். பாலில்லாத கொப்பித் தண்ணியின் கறுப்பிலிருந்து தேத்தண்ணிச் சிவப்பு வரை.

ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கி முகத்தைத் தொடங்கினாள். ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை. கன்னத்தில் எலும்பு போகிற பக்கமே ஊசியும் போக வேண்டும். மாறினால் முகம் தட்டையாகிவிடும். பத்துத் தையலுக்கு ஒருமுறை எழுந்து எட்டி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். போட்டோ வெளிச்சத்தையும் நிழலையும்தான் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. சட்டையின் நீலக் கோடுகள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. நெஞ்சில் காய்ந்துபோன ரப்பர் பால் கறைக்கு அழுக்கு வெள்ளையில் சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டாள். அந்த முடிச்சுகளைப் போடும்போது அழுதாள். அழுதுகொண்டேதான் தைத்தாள், நிறுத்தவில்லை.

கடைசியில் மரம். மரத்தில் அந்தக் கோடு.

ரப்பர் மரத்தில் சீவுகிற கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதின்மூன்று வயதில் யுகேந்திரன் விடிகாலையில் அம்மாவோடு போய் நாற்பது மரம் சீவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். "இவன் கோடு என் கோட்டவிட நேரா இருக்கு" என்று அம்மா ஒரே ஒரு நாள் சொல்லிவிட்டாள். அதை அவன் ஒரு வருஷம் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அடுத்தவர் சீவிய மரத்தின் முன்னால் நின்று குற்றம் சொல்லி வசவு வாங்கினான்.

புஷ்பலதா கொஞ்ச நேரம் யோசித்தாள். போட்டோவில் கோடு சரியாகத்தான் இருந்தது. அவள் அதை வெள்ளை நூலில் திருப்பிப் போட்டாள். வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே. முடிச்சுப் போடாமல், ஓர் இழுப்பில் உருவிவிடலாம் என்கிற மாதிரி தளர்வாக. சட்டம் போடுகிறவரிடம் கண்ணாடி வேண்டாம், பின்பக்கமும் அடைக்க வேண்டாம் என்றாள். நூல் கோத்த ஊசி ஒன்றைக் கைப்பைக்குள் குத்தி வைத்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் யுகேந்திரன் இரண்டு தடவை படத்தைப் பார்க்கக் கேட்டான். மணவறையில் வைத்துத்தான் துணியை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒரு சாங்கியம் கிடையாது. வேலைப்பளுவில் அவன் நம்பிவிட்டான்.

மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் கூடி நிற்க, ஷாமினி மாலையோடு வந்து மஞ்சள் துணியை எடுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா சரளா டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சட்டையையும் கத்தியையும் நிதானமாகப் பார்த்தார்.

"டீச்சர்னு சொன்னீங்களே சம்பந்தி. எந்த ஸ்கூல்?"

யுகேந்திரன் தங்கையை எரித்துவிடுவது போலப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது எங்கம்மா இல்லீங்க. தோட்டத்து ஆளு யாரோ. தங்கச்சி போட்டோவ மாத்தி எடுத்துட்டா."

வெட்கப்படுவான், கத்துவான் என்று புஷ்பலதா எதிர்பார்த்திருந்தாள். பெற்றவளையே யாரோ என்பான் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"சரிண்ணே. யாரோவே இருக்கட்டும். வேலையாவது சரியா வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

அவன் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தான். முகத்தைத் தாண்டி, கத்தியைத் தாண்டி, அவன் கண் மரத்தில் போய் நின்றது. நெற்றி சுருங்கியது.

"கோடு தப்பு" என்றான்.

"என்ன தப்பு?"

"இந்தப் பக்கம் சாயாது. இடது மேல, வலது கீழ." அவன் வலது கை தானாக உயர்ந்து காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுத்தது. நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் மணிக்கட்டு மறக்கவில்லை. "இப்படிச் சீவுனா பால் பாதிகூட வராது. எங்கம்மா ஒருநாளும் இப்படிச் சீவமாட்டாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சரளா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

புஷ்பலதா கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வெள்ளை நூலை ஓர் இழுப்பில் உருவினாள்.

"எங்கன்னு காட்டுங்கண்ணே."

யுகேந்திரன் பட்டு வேட்டியோடு தரையில் மண்டியிட்டு, மரத்தின் இடப்பக்கம் விரலை வைத்தான். ஊசி அந்த இடத்தில் இறங்கியது. விரல் நகர நகர, பின்னாலேயே போனது.

மணவறையிலிருந்து ஐயர் முகூர்த்த நேரம் நெருங்குகிறது என்று குரல் கொடுத்தார்.

"இருங்க சாமி" என்றான் யுகேந்திரன், திரும்பிப் பார்க்காமலே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "எங்கம்மா மரஞ்சீவுறவங்க. எடுத்த மரத்த முடிக்காம வரமாட்டாங்க."